தீ மணி அடித்தும் யாரும் இறங்கவில்லை. என்ன எழுதினால் நம்புவார்கள்?

நான்காம்மாடி (கேள்வி)

எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பாதுகாப்புப் பொறுப்பு என் தலையில் இருக்கிறது. பொறுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தீயணைப்பான்களில் தேதி பார்ப்பது, படிக்கட்டில் யாராவது அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் சண்டை போடுவது, ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை நடத்துவது, யாரும் படிக்காத சுற்றறிக்கைகள் எழுதுவது. அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு நாள் காலை பதினொன்றரைக்குத் தீ மணி அடித்தது. ஒத்திகை இல்லை. நான் எழுந்து நின்று பார்த்தேன். என் மாடியில் ஒருவர்கூட எழவில்லை. ஒரு அம்மா சத்தம் தாங்காமல் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். கூட்ட அறையில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். (புகைக்குக் கதவைச் சாத்துவது நல்லதுதான். ஆனால் அவர்கள் சாத்தியது மணிச் சத்தத்துக்கு.) மாடி மாடியாக ஓடி, தொண்டை கட்டும் வரை கத்தினேன். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் கூடுமிடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் பதினேழு பேர். அதிலும் நாலு பேர் சிகரெட் பிடிப்பதற்காக ஏற்கெனவே கீழே நின்றவர்கள்.

தீ எதுவும் இல்லை. ஆறாம் மாடியில் கூரைப் பலகையில் துளை போட்டிருக்கிறார்கள், அந்தத் தூசி ஸ்மோக் டிடெக்டருக்குள் போய்விட்டது. ஐந்து மாதத்தில் இது மூன்றாவது பொய் மணி.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "கடுமையாக ஒரு சுற்றறிக்கை அனுப்பு, இறங்காதவர்கள் மேல் நடவடிக்கை என்று போடு" என்றார். எழுத உட்கார்ந்தேன். 'ஆபத்தை அலட்சியப்படுத்தும் மனப்பான்மை' என்று முதல் வரியைத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. காரணம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்க மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை. இரண்டு மாதமாக அதைத் தொடவில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை ஒரு நாள் இரவு முழுசாகப் படித்துத் தொலைத்தேன். 'தசைச் சிதைவு' என்று ஒரு வார்த்தை. மறுநாளே தொடை வலித்தது. நிறுத்திவிட்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. ஆக, எழுதுகிறவனுக்கே அந்த மனப்பான்மை இருக்கிறது, கொஞ்சம் வேறு திசையில்.

இன்னொன்று. மணி அடித்தால் அசையாத இதே ஆட்கள்தான், மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒரே நாளில் இருநூறு கையெழுத்து வாங்கிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். அப்படிக் கொடுத்துவிட்டு, பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

இவர்களுக்கு எதற்குப் பயம் வருகிறது, எதற்கு வருவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. என் விஷயத்திலும் புரியவில்லை. அந்தச் சுற்றறிக்கையில் என்ன எழுதட்டும்?

அதிரடி

ரொம்ப யோசிக்காதீர்கள் சார். நிஜத் தீ விபத்து வீடியோ ஒன்றை எடுத்து, பெரிய திரையில் எல்லாரையும் உட்கார வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அடுத்த தடவை லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் ஓடுவார்கள்.

வயர்மேன்

தம்பி, சுற்றறிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் தீ மணியின் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறதே, அந்தப் பேனலுக்குப் போங்கள். மூன்று தடவையும் எந்த டிடெக்டர் அடித்தது என்று அதில் பதிவு இருக்கும். பார்த்தீர்களா? பார்க்காமல் முந்நூறு பேரைக் குறை சொல்லப் போனால் நான் அவர்கள் பக்கம்தான்.

முப்பது வருடமாக இந்த வயர்களோடு இருக்கிறேன். நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஆப்டிகல் வகையாக இருக்கும். உள்ளே ஒரு சின்ன விளக்கு, அதன் ஒளி நேராகப் படாத இடத்தில் ஒரு கண். புகை உள்ளே வந்தால் ஒளி சிதறி அந்தக் கண்ணில் விழும், மணி அடிக்கும். சிமெண்டுத் தூசிக்கும் ஒளி சிதறத்தான் செய்யும், நீராவிக்கும் சிதறும். அதற்கு வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டியது துளை போட வந்தவர்களுக்கும் அவர்களுக்கு அனுமதி கொடுத்த உங்களுக்கும்தான்.

துளை போடும்போது அந்தப் பகுதி டிடெக்டருக்கு மட்டும் தூசி மூடி போட வேண்டும், மூடி இருக்கும் வரை அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும், மாலையில் மூடிகளை எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். கடைசி வேலையைத்தான் எல்லாரும் மறப்பார்கள். மாதக்கணக்காக மூடியோடு தொங்கிய டிடெக்டர்களை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். பொய் மணியைவிட அது மோசம், ஏனென்றால் பேனலில் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஆவி வரும் இடங்களில் புகைக்குப் பதில் வெப்பத்தைப் பார்க்கிற டிடெக்டர் போடலாம். ஒரு டிடெக்டர் அடித்தால் பொறுப்பாளருக்கு மட்டும் தகவல், இரண்டாவதும் அடித்தால்தான் கட்டடம் முழுக்க மணி என்றும் சில இடங்களில் வைப்பார்கள். அது எல்லாக் கட்டடத்துக்கும் ஒத்துவராது. உங்கள் ஊர் தீயணைப்பு விதி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். லண்டன் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையம், 1987 நவம்பர் 18, மாலை நேரம். மரப் படிகள் வைத்த பழைய எஸ்கலேட்டர். யாரோ கொளுத்திப் போட்ட தீக்குச்சி, அடியில் சேர்ந்திருந்த கிரீஸிலும் தூசியிலும் விழுந்து பற்றியது என்பதுதான் விசாரணையின் முடிவு. 31 பேர் இறந்தார்கள். அந்த மாதிரிச் சின்னத் தீ அங்கே புதிதல்ல. முன்பு பல தடவை பற்றி அணைந்திருக்கிறது. அதனால் ஊழியர்கள் அதைத் தீ என்றே சொல்வதில்லை, புகைச்சல் என்றுதான் சொல்லிப் பழகியிருந்தார்கள். விசாரணை அறிக்கை அந்த வார்த்தையையே குறை சொன்னது. புகைச்சல் என்று பேர் வைத்துவிட்டால் அப்புறம் யார் ஓடப் போகிறார்கள்?

உங்கள் அலுவலகத்திலும் இந்நேரம் ஒரு பேர் வைத்திருப்பார்கள். விசாரித்துப் பாருங்கள்.

நான்காம்மாடி

வயர்மேன் அண்ணே, விசாரித்தேன். 'பதினொன்றரைப் பாட்டு' என்கிறார்களாம். மூன்றில் இரண்டு தடவை அந்த நேரத்துக்குத்தான் அடித்திருக்கிறது.

பேனலையும் இன்று காலை பார்த்தேன். மூன்றில் இரண்டு, ஆறாம் மாடியில் ஒரே டிடெக்டர். முதல் தடவையே இதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்தான். அன்று மணியை நிறுத்தி, ரீசெட் பண்ணிவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

குளிகை

மணி பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் மருந்தாளுநர், எனக்கு அந்த இழுப்பறைதான் கண்ணை உறுத்துகிறது. இரண்டு மாதமாக மருத்துவரிடம் சொல்லவில்லையா? இன்றைக்கே பேசுங்கள். இங்கே யாரும் 'மறுபடி போடுங்கள்' என்று சொன்னாலும் அவர்கள் பேச்சைக் கேட்டுப் போடாதீர்கள், என் பேச்சையும் சேர்த்துத்தான்.

அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன். அதில் வரும் 'சாதாரணமாக வரக்கூடியது', 'அரிது' போன்ற சொற்கள் வாய்க்கு வந்தபடி போட்டவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துத் தாள்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. 'சாதாரணம்' என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கும் நூறு பேரில் ஒருவருக்கும் இடையில். 'அரிது' என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் இடையில். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளில் தசை வலி சாதாரணம் பக்கம் இருக்கும், தசைச் சிதைவு அரிது பக்கம். நீங்கள் அரிதைப் படித்துவிட்டு, சாதாரணத்துக்குப் பயந்திருக்கிறீர்கள்.

அந்த வலி பொய் என்று சொல்ல மாட்டேன். உங்களை மாதிரியே பக்கவிளைவு என்று மாத்திரையை நிறுத்திய 60 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2020இல் வெளிவந்தது. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு புட்டிகள், மாதத்துக்கு ஒன்று. நாலில் நிஜ மாத்திரை, நாலில் மருந்தில்லாத போலி மாத்திரை, நாலு காலிப் புட்டி. எது நிஜம், எது போலி என்று விழுங்குகிறவருக்குத் தெரியாது. தினமும் உடம்பு எவ்வளவு படுத்துகிறது என்று போனில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும், எண் கூடினால் உபாதை அதிகம். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. நிஜ மாத்திரை மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4! வலித்தது நிஜம்தான், ஆனால் அதில் பெரும்பங்கை வரவழைத்தது மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பு. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்தபின் பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

(அதற்காக எல்லா வலியும் நினைப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடுமையான தசை வலியோடு சிறுநீர் கருத்துப் போனால் உடனே மருத்துவமனைதான்.)

அப்புறம், உங்கள் சுற்றறிக்கைக்கும் உதவும் என்று இதையும் சொல்கிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வந்தது. ஒரு வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று. இரண்டு மடங்கு என்றால் நூறு சதவீதக் கூடுதல்! எத்தனை பெண்கள் மறுநாளே மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள் என்று யோசியுங்கள். உண்மையில் அது 7,000 பெண்களில் ஒருவர் என்பது இரண்டு பேராகும் என்ற கணக்கு. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று மதிப்பிட்டார்கள். இதில் வேதனை என்னவென்றால், கர்ப்பத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம். எச்சரிக்கை பொய்யில்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதை மட்டும் விட்டுவிட்டது.

கவுண்டரில் யார் வந்து 'இது ஆபத்தாமே' என்றாலும் நான் திருப்பிக் கேட்பது அந்த ஒரே கேள்விதான். எத்தனை பேரில்? பாதிப் பேர் அங்கேயே சிரித்துவிடுவார்கள்.

சும்மா ஒரு வாசகி

அதிரடி சார் யோசனைக்கு ஒரு மறுப்பு. உளவியல் பாடம் எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் வகுப்பறை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு டெட்டனஸ் ஊசி பற்றிய கையேடு கொடுத்தார்கள். சிலருக்கு மிதமான பயம், சிலருக்குப் படம் போட்டுக் குலை நடுங்க வைக்கும் பயம். பயந்தவர்கள் 'கட்டாயம் போட்டுக்கொள்வேன்' என்று நன்றாகவே சொன்னார்கள். போய்ப் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். இன்னொரு பகுதியினருக்கு அதே கையேட்டோடு கூடுதலாக ஒன்று: மருத்துவமனையைக் குறித்த வளாக வரைபடம், என்றைக்கு எந்த நேரம் போகலாம் என்று தங்கள் வாரத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லும் ஒரு குறிப்பு. அவர்களில் போனவர்கள் நூற்றுக்கு 28. இத்தனைக்கும் எல்லாரும் மருத்துவமனை இருக்கும் இடம் தெரிந்தவர்கள்தான். குறைவாகப் பயந்தாரா அதிகமாகப் பயந்தாரா என்பது போனவர்கள் எண்ணிக்கையை மாற்றவில்லை.

அதனால் வீடியோவை விடுங்கள். நான்காம் மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தன் நாற்காலியிலிருந்து எந்தப் படிக்கட்டு, எத்தனை அடி என்று தெரியுமா? லிஃப்டில் ஏறிப் பழகியவருக்குப் படிக்கட்டுக் கதவு இழுப்பதா தள்ளுவதா என்றுகூடத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1968இல் வந்த ஆய்வு. ஓர் அறையில் ஒருவரை உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர் ஓட்டை வழியாகப் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேரை உட்கார வைத்து, எதுவும் நடக்காத மாதிரி எழுதிக்கொண்டிருக்கச் சொன்னபோது, போய்ச் சொன்னவர்கள் 10 சதவீதம். மீதிப் பேர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு படிவம் நிரப்பினார்கள். உங்கள் மாடியில் அன்று நடந்தது இதுதான். ஹெட்போன் மாட்டிய அம்மாவைப் பார்த்து மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், அவர்களைப் பார்த்து அந்த அம்மா. மாடிக்கு ஒருவர் எழுந்து நடந்தால் போதும், மற்றவர்களுக்கு உட்கார்ந்திருக்கக் கூச்சமாகிவிடும். நீங்கள் கத்த வேண்டியதில்லை, அந்த ஒருவரைப் பிடியுங்கள்.

நான்காம்மாடி

படிக்கட்டுக் கதவு: எங்கள் மாடியில் தள்ள வேண்டும். ஏழாம் மாடியில் இழுக்க வேண்டும்! அது விதிப்படி இருக்கக் கூடாது என்று இப்போதுதான் உறைத்தது. மாற்றச் சொல்லிவிட்டேன்.

டவர் விஷயத்தை யாரும் தொடவில்லையே?

மழைமானி

நான் தொடுகிறேன். வானிலை எச்சரிக்கை எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். திட்டு வாங்கியே தலை நரைத்தது, அதனால் இந்த இழையைப் பார்த்ததும் விட மனமில்லை.

டவரையும் ஹெல்மெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1969இலேயே சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைக் கணக்குப் போட முயன்றார். தானாக விரும்பி ஏற்கும் ஆபத்து என்றால், தலையில் கட்டப்படும் ஆபத்தைப் போல ஆயிரம் மடங்கு வரை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் மதிப்பீடு. அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், அதன் மேல் நிறைய வாதம் நடந்தது. பின்னால் பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள் சாதாரண மக்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். செத்தவர் எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரும் ஆபத்தை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிறதா, என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, பிள்ளைகளையும் தொடுமா, லாபம் ஒருவருக்கும் ஆபத்து இன்னொருவருக்குமா, இதெல்லாம் சேர்ந்ததுதான் அவர்கள் கணக்கு. வண்டி ஓட்டுகிறவர் கையில் ஹேண்டில்பார் இருக்கிறது. மொட்டை மாடி டவருக்கு அவரை யாரும் கேட்கவில்லை, வாடகையும் அவருக்கு வரவில்லை. அந்த இருநூறு கையெழுத்தில் பாதி கதிர்வீச்சைப் பற்றியது, பாதி 'எங்களைக் கேட்டீர்களா' என்பது என்று எனக்குப் படுகிறது. அதற்காகக் கதிர்வீச்சு அளவை மட்டும் அச்சடித்து ஒட்டினால் இரண்டாவது பாதிக்குப் பதில் சொன்னதாகாது. ஹெல்மெட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது சுத்த முட்டாள்தனம்.

இனி மணி. 2011 மே 22, அமெரிக்காவில் ஜாப்ளின் நகரம். பெரிய சூறாவளிச் சுழல் வந்தது. சைரன் முன்கூட்டியே அடித்தது, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஆனாலும் 158 பேர் இறந்தார்கள். அப்புறம் பிழைத்தவர்களிடம் பேசிப் பார்த்ததில், பெரும்பாலோர் முதல் சைரனுக்கு அசையவில்லை. அடிக்கடி கேட்டுப் பழகிய சத்தம். வெளியே போய் வானத்தைப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், இன்னொரு வழியில் உறுதியான பிறகுதான் ஒதுங்கினார்கள். சைரன் என்ன சொல்கிறது? 'ஏதோ ஒன்று' என்கிறது. எங்கே, எவ்வளவு பெரிது, நான் என்ன செய்ய என்று சொல்வதில்லை. உங்கள் மணியும் அப்படித்தான். மைக்கில் ஒரு மனிதக் குரல், 'ஆறாம் மாடியில் புகை அறிகுறி, கிழக்குப் படிக்கட்டு வழியாக இப்போதே இறங்குங்கள்' என்று சொன்னால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இத்தாலியில் லாக்விலா என்ற ஊரில் 2009இல் மாதக்கணக்காகச் சின்னச் சின்ன நில அதிர்வு. மார்ச் 31 அன்று நிபுணர்கள் கூடினார்கள். அதை ஒட்டி அதிகாரி ஒருவர் டிவி பேட்டியில் ஆபத்தில்லை என்கிற மாதிரி ஆறுதல் சொன்னார். ஏப்ரல் 6 விடிவதற்குள் பெரிய நிலநடுக்கம், முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழு பேருக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகள் விடுதலையானார்கள், அந்த அதிகாரியின் தண்டனை குறைந்தாலும் நிலைத்தது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அவர் தப்பு, முடியாததைச் சொல்லாதது இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி, ஜனங்களை வீட்டுக்குள் இருக்க வைத்தது.

என் வேலையில் இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில்தான் நடந்தேன். பலமுறை ஒன்றில் விழுந்திருக்கிறேன். ஒரு தடவை கனமழை என்று எழுதி ஒரு சொட்டு விழவில்லை. மறுநாள் 'ஏன் தப்பியது' என்று நாலு வரி எழுதி அனுப்பலாம் என்றேன். மேலே ஒத்துக்கொள்ளவில்லை, கௌரவப் பிரச்சினையாம். அந்த நாலு வரி போயிருந்தால் அடுத்த மழைக்குக் கொஞ்சம் பேராவது நகர்ந்திருப்பார்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் மூன்று மணிக்கும் அப்படி நாலு வரி போனதா?

அதிரடி

வீடியோவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கதவு இழுப்பதா தள்ளுவதா என்று நானும் எங்கள் அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது!

நான்காம்மாடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அனைவருக்கும் நன்றி.

முதலில் இழுப்பறை. மருத்துவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. இரத்தத்தில் தசை நொதியைப் பார்க்கச் சொன்னார், சரியாக இருந்தது. குறைந்த அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். முதல் நாள் இரவே தொடை வலித்தது, சத்தியமாக. குளிகை அம்மா சொன்ன காலிப் புட்டியை நினைத்துக்கொண்டு படுத்தேன். அதற்கப்புறம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

மழைமானி ஐயா, உங்கள் நாலு வரி போகவில்லை. மூன்று மணிக்கும் ஒரு வரிகூட நான் எழுதவில்லை. இப்போது எழுதினேன். மேலாளர் இரண்டு இடத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார், 'தவறு எங்களுடையது' என்பதிலும், 'சொல்ல முடியாது' என்பதிலும். வாதாடினேன். கடைசியில் அப்படியே போனது:

"ஐந்து மாதத்தில் இந்த மணி மூன்று முறை அடித்தது. மூன்றிலும் தீ இல்லை. இரண்டு முறை ஆறாம் மாடியில் ஒரே டிடெக்டரில் தூசி. துளை போடும்போது அதை மூடாதது எங்களுடைய தவறு. இனி அந்த வேலைக்குத் தனி அனுமதி உண்டு, ஓர் ஆள் கூடவே நிற்பார். இனிமேல் பொய் மணியே அடிக்காது என்று சொல்ல முடியாது. அடித்தால் ஏன் என்று அன்றே சொல்வோம். எட்டாம் மாடியிலிருந்து நடந்து இறங்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. நாலாம் மாடியிலிருந்து இரண்டரை. உங்கள் இருக்கைக்கு அருகில் இருக்கும் படிக்கட்டு எது என்று இந்தத் தாளின் பின்பக்கம் குறித்திருக்கிறோம். ஒரு முறை அதில் இறங்கிப் பாருங்கள்."

நடவடிக்கை எடுப்போம் என்ற வரி இல்லை. மாடிக்கு ஒருவரைப் பிடித்தேன். எங்கள் மாடிக்கு அந்த ஹெட்போன் அம்மாவையே கேட்டேன். முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் ஒப்புக்கொண்டார். ஒலிபெருக்கிக்கு இந்த ஆண்டு பணம் இல்லையாம். அதுவரை கையில் மைக்கோடு நான்தான். டவர் பற்றி ஒரு கூட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறேன், எதிர்ப்பவர்களில் இரண்டு பேரையும் மேடையில் உட்கார வைத்து. அது எப்படிப் போகும் என்று தெரியவில்லை.

நேற்று மணி அடித்தது. ஒத்திகை இல்லை, இரண்டாம் மாடி பேட்டரி அறையில் ஏதோ. நான் எண்ணியபோது கீழே நூற்றுத் தொண்ணூறு பேர் நின்றார்கள். மீதிப் பேர் மேலே என்ன செய்தார்கள் என்பது இந்த வார வேலை. எங்கள் மாடி முழுசாக வந்திருந்தது. அந்த அம்மா ஹெட்போன் கழுத்தில் தொங்க, கையில் பட்டியலோடு, "நிஜமா சார்?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியாதும்மா. ஆள் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, பட்டியலில் பெயர் பெயராகச் சரிபார்க்கத் தொடங்கினார்.